அட்டவணையில் இருக்கும் ஜோடி எண்களைச் சிதறல் வரைபடமாகத் துல்லியமாக வரைவது எப்படி?

செங்காங்_மீனா

வணக்கம். மகள் உயர்நிலை 3 படிக்கிறாள். பயிற்சித்தாளில் பத்து மாணவர்களின் விவரம் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம், வந்து சேர எவ்வளவு நேரம் என்பதைச் சிதறல் வரைபடமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். அட்டவணை இது:

தூரம் (கி.மீ.) | நேரம் (நிமிடம்)
0.8 | 12
1.2 | 15
2.5 | 18
3.1 | 25
3.1 | 22
4.4 | 24
5.0 | 31
7.5 | 30
9.2 | 45
13.2 | 48

வரைந்து கொண்டுபோனாள். "அளவுத்திட்டம் தவறு, புள்ளிகளை இணைக்காதே, மறுபடி வரை" என்று ஆசிரியர் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. கிடை அச்சில் 0.8, 1.2, 2.5 என்று பத்துத் தூரங்களையும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாக எழுதியிருக்கிறாள். 3.1 மட்டும் இரண்டு தடவை வருகிறது. செங்குத்து அச்சில் 5, 10, 15 என்று நிமிடங்கள். புள்ளிகளை வைத்து, ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்திருக்கிறாள். இதில் எது தவறு? யாராவது நிதானமாகச் சொன்னால் இரண்டு பேருக்கும் புரியும்.

ஈசூன்வாசி

கிடை அச்சுதான் அக்கா. 0.8க்கும் 1.2க்கும் நடுவில் இருப்பது 0.4 கி.மீ. 9.2க்கும் 13.2க்கும் நடுவில் 4 கி.மீ. இரண்டுக்கும் ஒரே ஒரு சென்டிமீட்டர் விட்டால், பத்து மடங்கு வித்தியாசம் படத்தில் காணாமல் போய்விடும்.

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார்

மீனா, பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். தொடக்கப்பள்ளியில் பட்டை வரைபடம் வரைந்து பழகிய கை. அங்கே கிடை அச்சில் திங்கள், செவ்வாய் என்றோ மாம்பழம், டுரியான் என்றோ பெயர்கள் இருக்கும். சம இடைவெளி விட்டால் போதும். சிதறல் வரைபடத்தில் இரண்டு அச்சிலும் எண்கள். எண் வந்துவிட்டால் அந்த அச்சு ஓர் அளவுகோல். அதனால் அட்டவணையில் இருக்கும் எண்களை அச்சில் எழுதவே கூடாது. 0, 1, 2, 3 என்று அளவுகோலை முதலில் அமைக்க வேண்டும். அப்புறம் 3.1 அதில் எங்கே விழுகிறது என்று தேடிப் போக வேண்டும்.

பென்சிலைத் தொடும் முன் அட்டவணையில் நான்கு எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: தூரத்தில் சிறியது 0.8, பெரியது 13.2, நேரத்தில் சிறியது 12, பெரியது 48. வரைபடம் இந்த நான்குக்கும் இடம் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக உள்ளே அடங்கும். தூரம்தான் நேரத்தை நிர்ணயிக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், எனவே தூரம் கிடை அச்சு, நேரம் செங்குத்து அச்சு.

இப்போது அளவுத்திட்டம். நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான். கட்டத்தாளில் சின்னக் கட்டம் ஒன்று 2 மி.மீ. கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 1 கி.மீ. என்று வைத்தால் ஒரு சின்னக் கட்டம் 0.2 கி.மீ. 0.8 என்பது சரியாக நான்காவது கட்டக் கோடு. 3.1 என்பது 15க்கும் 16க்கும் நட்டநடுவே. கண்ணுக்குச் சிரமமே இல்லை. இதையே "தாள் முழுக்க வரட்டும்" என்று 3 செ.மீ.க்கு 2 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டம் 0.1333... கி.மீ. ஆகிவிடும். 3.1 எங்கே என்று கேட்டால் 23 கட்டமும் கால் கட்டமும். ஒவ்வொரு புள்ளிக்கும் கணிப்பானைத் தட்ட வேண்டும், பத்தில் இரண்டு நிச்சயம் பிசகும். ஆகவே 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளில் அளவுத்திட்டம் வையுங்கள். 3, 7 வேண்டாம்.

செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 5 நிமிடம் என்று வைத்தால் மொத்தப் படமும் 10 செ.மீ.க்குள் சுருங்கிவிடும், தாளில் பாதிகூட நிறையாது. 2 செ.மீ.க்கு 5 நிமிடம் வையுங்கள். ஒரு சின்னக் கட்டம் அரை நிமிடம். 48 நிமிடம் 19.2 செ.மீ. உயரத்தில் வரும், தாளுக்குப் பொருத்தம்.

புள்ளி வைக்கும்போது ஒரு வரியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற வரிகளை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ளலாம். (3.1, 25) என்றால் வலப்பக்கம் பதினைந்தரைக் கட்டம், மேலே 50 கட்டம், அங்கே கூர்மையான பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. அடுத்தது (3.1, 22): அதே செங்குத்துக் கோட்டில், 44ஆவது கட்டத்தில். தூரம் ஒன்றுதான் என்பதற்காக ஒன்றை விட்டுவிடக் கூடாது. அவர்கள் இரண்டு பிள்ளைகள், இரண்டு குறிகள். குண்டான பொட்டு வைக்க வேண்டாம். பொட்டே ஒரு கட்டத்தை அடைத்துக்கொண்டால் நடு எங்கே என்று யாருக்குத் தெரியும்? கேம்பிரிட்ஜ் செய்முறைத் தேர்வுகளில் அரைச் சின்னக் கட்டத்துக்குள் புள்ளி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதாவது 1 மி.மீ. இந்த அளவுத்திட்டத்தில் அது 0.1 கி.மீ., கால் நிமிடம்.

முடித்ததும் குறிகளை எண்ணிப் பாருங்கள், பத்து இருக்க வேண்டும். அப்புறம் அவள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியின் இரண்டு எண்களையும் வாசிக்கட்டும், நீங்கள் அட்டவணையை வைத்துச் சரிபாருங்கள். அட்டவணையிலிருந்து படத்துக்குப் போவதைவிட, படத்திலிருந்து அட்டவணைக்குத் திரும்பி வரும்போதுதான் பிழை சிக்கும்.

செங்காங்_மீனா

சார், ரொம்ப நன்றி. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இணைக்கக் கூடாது என்பது மட்டும் ஏன் என்று கேட்கிறாள். அறிவியல் பாடத்தில் தண்ணீர் ஆறும் வெப்பநிலையை வரைந்தபோது இணைத்தார்களாம்.

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார்

நல்ல கேள்வி. தண்ணீர் ஒன்றே. மூன்றாவது நிமிடத்துக்கும் நான்காவது நிமிடத்துக்கும் நடுவிலும் அதற்கு ஒரு வெப்பநிலை இருந்தது, நாம்தான் அளக்கவில்லை. அதனால் அங்கே கோட்டுக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே ஐந்தாவது பிள்ளைக்கும் ஆறாவது பிள்ளைக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? அட்டவணையை வேறு வரிசையில், பெயர் வரிசையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுதியிருந்தால் அவள் போட்ட கோடு குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கியிருக்கும். புள்ளிகளோ இருந்த இடத்திலேயே இருக்கும். வரிசையை மாற்றினால் மாறிவிடுகிற எதுவும் சிதறல் வரைபடத்தில் இருக்கக் கூடாது.

3.1இல் அவள் கோடு என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சரியான அளவுத்திட்டத்தில் வரைந்தால் 25இலிருந்து 22க்கு நேராகக் கீழே இறங்கும். அது எதைச் சொல்கிறது என்று அவளையே கேளுங்கள்.

வானம்பார்த்தவன்

வாத்தியார் சொன்னதற்கு ஒரு பழைய சான்று. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1833இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் ஒன்றிலிருந்து மற்றது எந்தத் திசையில் இருக்கிறது என்ற கோணத்தை ஆண்டுகளுக்கு எதிராகக் கட்டத்தாளில் குறித்தார். கன்னி மண்டலத்து காமா விண்மீன் அதில் ஒன்று. சிதறல் வரைபடத்தின் முன்னோடி என்று வரலாற்றாளர்கள் சிலர் அதைச் சொல்கிறார்கள். அளவீடுகள் பிழை மலிந்தவை என்று அவருக்குத் தெரியும். அதனால் புள்ளிக்குப் புள்ளி இணைக்கவில்லை. புள்ளிகளுக்கு ஊடாகக் கண்ணால் பார்த்துக் கையால் ஒரு மென்மையான வளைகோட்டை இழுத்தார். விண்மீன் சுற்றும் பாதையை அந்த வளைகோட்டிலிருந்துதான் கணக்கிட்டார், தனித்தனிப் புள்ளிகளிலிருந்து இல்லை.

ஜூரோங்_ஜேசி

நான் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எச்2 கணிதத்தில் (எங்கள் ஏ நிலைப் பாடம்) தாள் அளவு எல்லாம் பார்க்க மாட்டார்கள், கட்டத்தாளும் இல்லை. ஆனால் அச்சுகளுக்குப் பெயர், இரண்டு அச்சிலும் சிறிய எண்ணும் பெரிய எண்ணும், புள்ளிகள் ஒன்றுக்கொன்று சரியான இடத்தில், எண்ணிக்கை குறையாமல். இதில் ஒன்று போனாலும் மதிப்பெண் போகும்.

டிஐ-84 வரைபடக் கணிப்பான் வைத்திருப்பவர்களுக்கு: எல்1 பட்டியலில் தூரம், எல்2 பட்டியலில் நேரம் போட்ட பிறகு எல்1ஐ மட்டும் வரிசைப்படுத்தாதீர்கள். எல்2 அப்படியே நிற்கும், ஜோடி உடைந்துவிடும். வரிசைப்படுத்த வேண்டுமானால் கட்டளையில் எல்1, எல்2 இரண்டையும் காற்புள்ளி போட்டுச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தரவு_சுமதி

எக்செலிலும் அதே கதைதான். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் "பக்கத்து வரிசையையும் சேர்க்கவா" என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் முதல் பிள்ளையின் தூரம் ஏழாம் பிள்ளையின் நேரத்தோடு சேர்ந்துவிடும். படம் அழகாகவே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஒரு வரி என்பது ஓர் ஆள். வரியைக் கிழிக்கக் கூடாது.

மீனா அக்கா, மகள் எக்செலில் செய்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். "லைன்" படம் வேறு, "ஸ்கேட்டர்" படம் வேறு. லைனைத் தேர்ந்தெடுத்தால் முதல் நெடுவரிசையைப் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். கையால் வரைந்தபோது நடந்த அதே பிழை. ஸ்கேட்டரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டத்துக்குள் "0.8 கி.மீ." என்று அலகையும் சேர்த்து எழுதியிருந்தால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது. தூரத்துக்குப் பதிலாக 1, 2, 3 என்று தானே போட்டுக்கொள்ளும். கிடை அச்சு 10 அல்லது 12இல் முடிந்து, 13.2 எங்கே என்று தேடினால் காரணம் இதுதான். அலகு தலைப்பில் மட்டும் இருக்கட்டும்.

தோபாயோ_குமரன்

ஒரு கருத்து. அச்சு எப்போதும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டலாம். செய்தித்தாளில் எத்தனை பார்த்திருக்கிறோம்.

தரவு_சுமதி

குமரன் அண்ணே, பட்டை வரைபடத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே பட்டையின் நீளம்தான் அளவு, அடியை வெட்டினால் அளவே பொய்யாகிவிடும். சிதறல் வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடம்தான் செய்தி, நீளம் எதுவும் இல்லை. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1886இல் 205 பெற்றோர் ஜோடிகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டார். உயரம் எல்லாம் அறுபது, எழுபது அங்குலம். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் தாளின் முக்கால்வாசி வெறுமையாகி, 928 பேரும் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கி நகர்கிறார்கள் என்ற அவர் கண்டுபிடிப்பு அந்த மூலையில் தெரியுமா?

மீனா அக்காவின் அட்டவணையில் 0.8ம் 12ம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில் நஷ்டம் இல்லை. அவ்வளவுதான். வேறு எண்ணிலிருந்து தொடங்கினால் அதை அச்சில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

கால்டனின் எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. முழு அங்குலத்துக்குத் தொகுத்ததால் ஒரே இடத்தில் பல பேர். அவர் புள்ளிக்குப் பதில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை எழுதினார். கையால் வரையும்போது இரண்டு ஜோடி ஒன்றாகவே அமைந்துவிட்டால் பக்கத்தில் சின்னதாக 2 என்று எழுதலாம்.

தோபாயோ_குமரன்

சரி, பட்டைக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாடு புரிகிறது. ஆனால் பேரன் கேட்கிறான்: புள்ளிகள் ஒரு நேர்கோட்டுக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணிப்பான் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறதே, இவ்வளவு பாடுபட்டு ஏன் வரைய வேண்டும்?

தரவு_சுமதி

பேரனிடம் ஆன்ஸ்கோம்ப் அட்டவணைகளைக் கொடுங்கள் அண்ணே. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973இல் வெளியிட்டவை. நான்கு அட்டவணை, ஒவ்வொன்றிலும் 11 ஜோடி. நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.82, பொருத்தக் கோடு (புள்ளிகளுக்கு ஊடாக மிக நெருக்கமாகப் போகும் நேர்கோடு) ஒய் = 3 + 0.5 எக்ஸ். கணிப்பானுக்கு நான்கும் ஒன்று. வரைந்தால் முதலாவது சாதாரணச் சிதறல், இரண்டாவது வளைகோடு. மூன்றாவதில் பத்துப் புள்ளி கயிறு பிடித்ததுபோல் நேர்கோட்டில் நிற்க, (13, 12.74) மட்டும் மேலே எகிறி நிற்கும். நான்காவதில் பத்துப் பேருக்கு எக்ஸ் 8தான், ஒரே ஒருவருக்கு மட்டும் 19. அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடே இல்லை. இந்த 44 ஜோடிகளையும் ஒரு மாலையில் கையால் வரைந்துவிடலாம். வரைந்த பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

ஜூரோங்_ஜேசி

நான்காவதை வரைந்தபோது எங்கள் வகுப்பே சத்தம் போட்டது.

செங்காங்_மீனா

மறுபடி வரைந்துவிட்டாள். புள்ளிகள் இடமிருந்து வலமாக ஏறிப் போவது நன்றாகவே தெரிகிறது. சிறந்த பொருத்தக் கோடும் போடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார்

போதாது. அப்படிச் செய்தால் நடுவில் இருக்கும் எட்டுப் பிள்ளைகளுக்கும் கோட்டில் பங்கே இல்லாமல் போய்விடும். முதலில் சராசரிப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். தூரங்களின் கூட்டுத்தொகை 50, சராசரி 5. நேரங்களின் கூட்டுத்தொகை 270, சராசரி 27. (5, 27) என்ற இடத்தில் வேறு மாதிரிக் குறி ஒன்று வைக்கச் சொல்லுங்கள், வட்டத்துக்குள் புள்ளி மாதிரி. பிள்ளைகளின் குறியோடு அது குழம்பக் கூடாது. அப்புறம் ஒளி ஊடுருவும் அளவுகோலை அந்தப் புள்ளியில் நிறுத்தி மெதுவாகச் சாய்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் புள்ளிகள் சமமாக இருப்பது மட்டும் போதாது. கோட்டின் இடப்பாதியில் எல்லாம் கீழே, வலப்பாதியில் எல்லாம் மேலே என்று இருந்தால் சாய்வு தவறு. பூஜ்யப் புள்ளி வழியாகப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். சாய்வு கி.மீ.க்கு 2.93 நிமிடம், செங்குத்து அச்சை வெட்டுமிடம் 12.35. கோடு 1 கி.மீ.இல் 15.3, 12 கி.மீ.இல் 47.5 நிமிடம் வழியாகப் போகும். கண்ணால் போட்ட கோடு இதற்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல கை.

ஈசூன்வாசி

பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் 12 நிமிடம் என்றால், அது பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமா சார்?

ஓய்வுபெற்ற_கணக்கு_வாத்தியார்

அப்படி எடுத்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் முதல் இரண்டு புள்ளிகளைக் கவனியுங்கள். 0.8 கி.மீ.க்கு 12 நிமிடம் என்றால் மணிக்கு 4 கி.மீ. 1.2க்கு 15 நிமிடம் என்றால் மணிக்கு 4.8. இரண்டும் நடை வேகம். அந்த இரண்டு பேரும் பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கிலிருந்து நடந்தே வருகிறவர்களாக இருக்கலாம். மற்றவர்கள் பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ வரலாம். எப்படி வருகிறார்கள் என்று அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசை இருந்தால் நடப்பவர்களுக்கு ஒரு குறி, பேருந்துக்கு ஒரு குறி என்று பிரித்துப் போடலாம். ஒரு கோடு போதுமா என்பது அப்போதுதான் தெரியும். இந்தக் கோட்டை 0.8க்கு இடப்பக்கமும் 13.2க்கு வலப்பக்கமும் நீட்டி எதையும் சொல்ல வேண்டாம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

செங்காங்_மீனா

இதைப் படித்ததும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அறிவியல் செயல்திட்டத்துக்கு சிங்கப்பூர் மழையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். மாதத்தில் மழை பெய்த நாட்கள் எத்தனை, மொத்த மழை எவ்வளவு என்று.

தரவு_சுமதி

தாராளமாக. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இரண்டும் மாதவாரியாக இருக்கின்றன, ஆனால் தனித்தனி அட்டவணைகளாக. ஒன்றின் நெடுவரிசையை எடுத்து மற்றதன் பக்கத்தில் அப்படியே ஒட்ட வேண்டாம். ஒன்றில் ஒரு மாதம் விடுபட்டிருந்தாலோ வரிசை வேறாக இருந்தாலோ அதற்குக் கீழே இருக்கும் எல்லா ஜோடியும் ஒரு படி நழுவிவிடும். ஆண்டு-மாதத்தை வைத்துப் பொருத்திச் சேர்க்கச் சொல்லுங்கள், எக்செலின் விலுக்அப் (VLOOKUP) சூத்திரம் போதும். 0.2 மி.மீ. அல்லது அதற்குமேல் பெய்தால்தான் இங்கே அதை மழை நாளாக எண்ணுவார்கள். இதை வரைபடத்தின் அடியில் எழுதிவிடட்டும்.

வானம்பார்த்தவன்

நாட்கள் கிடை அச்சில், மி.மீ. செங்குத்து அச்சில். நாட்கள் முழு எண் என்பதால் புள்ளிகள் செங்குத்து வரிசைகளாக நிற்கும், அதைப் பார்த்து ஏதோ பிழை என்று பயப்பட வேண்டாம். இடக்கீழ் மூலையில் 2014 பிப்ரவரியைத் தேடிப் பாருங்கள், அந்த மாதம் ஏறக்குறைய மழையே இல்லை. மேலே தனியாக நிற்பது 2006 டிசம்பராக இருக்கும்.

செங்காங்_மீனா

சேர்த்துப் பார்த்தோம். ஆமாம், 2006 டிசம்பர் 700 மி.மீ.ஐத் தாண்டி மேலே தனியாக நிற்கிறது. அந்த ஒரு மாதத்துக்காக அச்சு 800 வரை நீள்கிறது. அதை எடுத்துவிட்டால் மற்றவை நன்றாக விரிந்து தெரியும் என்கிறாள். எடுக்கலாமா?

வானம்பார்த்தவன்

எடுக்க வேண்டாம், அது பிழை இல்லை. 2006 டிசம்பர் 19 அன்று ஒரே நாளில் 366 மி.மீ. கொட்டியது. சிங்கப்பூரின் ஓராண்டுச் சராசரி மழையே 2,113 மி.மீ.தான், அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில். மழை நாட்களின் கணக்கில் அந்த நாளுக்கும் ஒன்றுதான், லேசாகத் தூறிய நாளுக்கும் ஒன்றுதான். புள்ளி அவ்வளவு உயரத்தில் நிற்பதில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. அச்சை 800 வரை விடுங்கள், புள்ளிக்குப் பக்கத்தில் "2006 டிசம்பர்" என்று சின்னதாக எழுதுங்கள். மற்ற மாதங்களை நெருக்கத்தில் பார்க்க வேண்டுமானால் 400 வரை மட்டும் காட்டும் இரண்டாவது படம் ஒன்று போடலாம். 400க்கு மேலே எத்தனை மாதங்கள் இருக்கின்றன, எவை என்று அதன் தலைப்பில் சொல்லிவிடுங்கள்.